ஒரு கித்தாருக்குக் குரல் வந்த விதம்: பிரையன் மேயின் ஒலிபெருக்கிகள் குறித்து ஓர் ஆய்வு

முன்னுரை

வானொலியில் பாடல் தொடங்கி முதல் வரி முடிவதற்குள், பாடுபவர் டி.எம்.சௌந்தரராஜனா ஜேசுதாஸா என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். மனிதக் குரலுக்கு அப்படி ஓர் அடையாளம் இருப்பதில் வியப்பில்லை. ஆனால், மரக்கட்டையும் எஃகுக் கம்பியும் மின்சாரமும் சேர்ந்த ஒரு கருவிக்கும் அத்தகைய குரல் அமைவதுண்டு. இங்கிலாந்தின் 'குயின்' இசைக்குழுவைச் சேர்ந்த கித்தார் கலைஞர் பிரையன் மேயின் வாசிப்பை இரண்டு மூன்று சுரங்களிலேயே இனங்கண்டுகொள்ளும் இரசிகர்கள் உலகெங்கும் உள்ளனர்.

அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது? கித்தாரிலிருந்தா? ஒலிபெருக்கியிலிருந்தா? விரலிலிருந்தா? இதற்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். கலை இரவு நெருங்கும்போதெல்லாம் கல்விக் கடனில் மிச்சம்பிடித்து, தமக்குப் பிடித்த கலைஞர் பயன்படுத்தும் அதே பெடலை வாங்கிவிடத் துடிக்கும் நண்பர்களை நான் அறிவேன். கித்தார் வாசிப்பவன் என்ற முறையில் அந்த ஆசை எனக்கும் உண்டு. எனவே, இது ஏட்டளவில் நின்றுவிடும் கேள்வியன்று. மாணவர்களாகிய நம் சட்டைப்பையைத் தொடும் கேள்வி.

தொடங்குமுன் சொற்களைப் பற்றி ஒரு விளக்கம். ஆறாம் ஆண்டுவரை தமிழ்ப்பள்ளியில் படித்த நான், இடைநிலைப் பள்ளியில் பௌதிகத்தை மலாயில்தான் கற்றேன். எனவே, இங்கு வரும் சில கலைச்சொற்களைத் தேடித்தான் எழுத வேண்டியிருந்தது. 'எம்ப்ளிஃபையர்' என்ற கருவியை 'ஒலிபெருக்கி' என்றும், ஒலியை வெளியிடும் கூம்பு வடிவப் பகுதியை 'ஸ்பீக்கர்' என்றும் குறிப்பிடுகிறேன். பேச்சுவழக்கில் இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டுவதால் இந்த வேறுபாடு தேவைப்படுகிறது.

ஒலிபெருக்கியும் ஓர் இசைக்கருவியே

மின்கித்தாரின் கம்பிகளுக்குக் கீழே 'பிக்கப்' என்ற பகுதி இருக்கும். காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பிச் சுருளுமே அது. எஃகுக் கம்பி அதிரும்போது அச்சுருளில் மிகச் சிறிய மின்னலை எழுகிறது. அந்த மின்னலையைப் பெரிதாக்கி ஸ்பீக்கரை அசைக்கும் வேலை ஒலிபெருக்கியுடையது.

வீட்டில் பாட்டுக் கேட்கும் கருவி, வந்த ஒலியை மாற்றாமல் பெரிதாக்க வேண்டும். கித்தார் ஒலிபெருக்கியின் கதை வேறு. அது ஒலியைப் பெரிதாக்கும்போதே மாற்றவும் செய்கிறது. அந்த மாற்றத்தைத்தான் ராக் கலைஞர்கள் விரும்பித் தேடினார்கள்.

மாற்றம் எப்படி நிகழ்கிறது? கித்தாரின் ஐந்தாம் கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் அதன் அடிப்படை அதிர்வெண் 110 ஹெர்ட்ஸ். அதனோடு 220, 330, 440 ஹெர்ட்ஸ் என மேற்சுரங்களும் சேர்ந்தே ஒலிக்கும். இவற்றுள் எது ஓங்கியிருக்கிறது, எது தாழ்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே ஒலியின் நிறம் அமையும். ஒரே சுரத்தைப் புல்லாங்குழலிலும் வயலினிலும் வாசித்தாலும் நாம் வேறுபாடு அறிவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

ஒவ்வோர் ஒலிபெருக்கிக்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு. தாழ்வான கூரையின் கீழ் உயரமானவர் நிமிர்ந்து நின்றால் தலை முட்டும் அல்லவா? அதுபோல வரம்பைத் தாண்டிய மின்னலையின் உச்சி கூரையில் முட்டித் தட்டையாகிறது. அலையின் வடிவம் மாறும்போது முன்பு மெலிதாக இருந்த மேற்சுரங்கள் ஓங்குகின்றன; இல்லாதவை புதிதாகத் தோன்றுகின்றன. இதையே 'ஒலிச்சிதைவு' என்கிறோம். பொறியாளருக்கு இது குறை. ராக் கலைஞருக்கோ இதுவே நிறம்.

சிதைவிலும் வகையுண்டு. கூரையில் சட்டென முட்டினால் கரகரப்பான ஒலி பிறக்கும். கூரையை நெருங்க நெருங்க அலை மெல்ல வளைந்து கொடுத்தால், மனிதக் குரல்போல் நீண்டு பாடும் ஒலி பிறக்கும். பிரையன் மே தேடியது இரண்டாவது வகையை.

வீட்டில் பிறந்த கித்தார்

பிரையன் மே 1947ஆம் ஆண்டு பிறந்தவர். இலண்டனுக்கு மேற்கேயுள்ள ஃபெல்தமில் வளர்ந்தார். கடையில் விற்ற அமெரிக்கக் கித்தாரை வாங்கும் வசதி அக்குடும்பத்திற்கு இல்லை. அவருடைய தந்தை ஹெரால்ட் மே மின்னணுவியல் அறிந்தவர், தச்சுவேலையிலும் கைதேர்ந்தவர். 1963ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், மகனுக்கு 16 வயதாக இருந்தபோது, தந்தையும் மகனும் சேர்ந்து சொந்தமாக ஒரு கித்தார் செய்யத் தொடங்கினர். வேலை முடிய ஏறக்குறைய இரண்டாண்டுகள் ஆயின. அதுவே 'ரெட் ஸ்பெஷல்'.

அதன் கழுத்துப் பகுதி, பழைய குளிர்காயும் அடுப்பின் மேற்சட்டத்திலிருந்து எடுத்த மஹோகனி மரத்தால் ஆனது. கழுத்தில் இடங்காட்டும் புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். கம்பிகளைத் தளர்த்தி இறுக்கும் அமைப்பில் இருப்பவை ஒரு பழைய மோட்டார்சைக்கிளின் சுருள்வில்கள். இவை சுவையான செய்திகள்தாம். எனினும், அதன் குரலைத் தீர்மானித்தவை வேறு இரண்டு கூறுகள்.

முதலாவது, உடலின் உட்பகுதியில் வெற்றிடம் விட்டுச் செய்தார்கள். உரத்து ஒலிக்கும் ஸ்பீக்கரின் முன் நின்றால் காற்றின் அதிர்வு கித்தாரையும் கம்பியையும் மீண்டும் அதிர வைக்கும்; சுரம் அடங்காமல் நீளும். அந்த விளைவை வேண்டுமென்றே வரவழைக்கும் நோக்கம் தொடக்கத்திலேயே அவர்களுக்கு இருந்தது. இரண்டாவது, பர்ன்ஸ் நிறுவனத்தின் 'டிரை-சோனிக்' பிக்கப்புகள் மூன்றைத் தொடர் இணைப்பில் பொருத்தினார்கள். தொடர் இணைப்பில் அவற்றின் மின்னலைகள் ஒன்றோடொன்று கூடும். ஒவ்வொரு பிக்கப்புக்கும் தனித்தனி விசைகள் இருந்ததால் அலைகளைக் கூட்டவும், ஒன்றையொன்று எதிர்க்கும்படி திருப்பவும் முடிந்தது. எதிர்த்துத் திருப்பினால் அடித்தொனி பெரிதும் மறைந்து, மேற்சுரங்கள் மட்டும் கூர்மையாக எஞ்சும்.

வாசிப்பதற்கு அவர் நெகிழிப் பட்டையைப் பயன்படுத்துவதில்லை. பழைய ஆறு பென்னி நாணயத்தைப் பயன்படுத்துகிறார். நாணயத்தின் பல்போன்ற விளிம்பு கம்பியில் உரசும்போது ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்திலும் மெய்யெழுத்தை உச்சரித்தாற்போல் ஓர் அழுத்தம் கிடைக்கிறது.

ரோரி கேலஹர் காட்டிய வழி

கித்தார் தயார். ஆனால், மனத்தில் கேட்ட குரல் இன்னும் வெளியே கேட்கவில்லை. 1960களின் இறுதியில் இலண்டனின் மார்க்கீ மன்றத்தில் அயர்லாந்துக் கலைஞர் ரோரி கேலஹரின் வாசிப்பைக் கேட்ட மே, நிகழ்ச்சி முடிந்தபின் அவரிடமே சென்று அந்த ஒலியின் இரகசியத்தைக் கேட்டார். கேலஹர் எதையும் மறைக்கவில்லை. வோக்ஸ் ஏசி30 ஒலிபெருக்கி ஒன்று, அதற்கு முன்னால் ஒரு சிறிய பெட்டி, அவ்வளவுதான் என்று விளக்கினார். இந்தச் சந்திப்பை மே பின்னாளில் பல நேர்காணல்களில் நன்றியோடு நினைவுகூர்ந்துள்ளார். மே பழைய ஏசி30 ஒலிபெருக்கிகளைத் தேடி வாங்கித் தம் கித்தாரை இணைத்தார். தேடிய குரல் அங்கே இருந்தது.

ஏசி30, இங்கிலாந்தின் கென்ட் வட்டாரத்திலுள்ள டார்ட்ஃபர்டில் ஜென்னிங்ஸ் நிறுவனம் தயாரித்தது. வடிவமைத்தவர் டிக் டென்னி. 1950களின் இறுதியில் மேடைகள் பெரிதானபோது, முந்தைய 15 வாட் ஒலிபெருக்கியின் ஆற்றல் போதவில்லை. அதை இரட்டிப்பாக்கியே ஏசி30 உருவானது. ஷேடோஸ், பீட்டில்ஸ் ஆகிய குழுக்கள் இதைப் புகழ்பெறச் செய்தன.

இதற்குள் டிரான்சிஸ்டர்கள் இல்லை. கண்ணாடி வால்வுகளே உள்ளன. இறுதிக் கட்டத்தில் 'இஎல்84' என்ற சிறு வால்வுகள் நான்கு, வெளியே 12 அங்குல ஸ்பீக்கர்கள் இரண்டு. பெரும்பாலான ஒலிபெருக்கிகளில், வெளிவரும் அலையின் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே செலுத்திப் பிழைகளைத் திருத்தும் 'எதிர்ப் பின்னூட்டம்' என்ற ஏற்பாடு உண்டு. ஏசி30இல் அது இல்லை. திருத்தும் ஏற்பாடு இல்லாததால் தெளிந்த ஒலிக்கும் சிதைந்த ஒலிக்கும் இடையில் திடீர்ச் சுவர் இல்லை. சரிவான பாதைதான் உண்டு. மெல்லத் தொட்டால் தெளிவு, அழுத்தினால் கனிவான சிதைவு. பொறியியல் கண்ணுக்குக் குறையாகத் தெரிவது, விரலின் அசைவுக்கு மறுமொழி சொல்லும் குணமாக இங்கு மாறுகிறது.

மே இதைப் பயன்படுத்தும் முறை எளிது. ஒலிபெருக்கியின் ஒலியளவை முழுவதும் திறந்துவிடுவார். பிறகு எல்லாவற்றையும் கித்தாரிலுள்ள குமிழால்தான் கட்டுப்படுத்துவார். குமிழைக் குறைத்தால் மென்மையான துணையிசை. ஏற்றினால் நீண்டு பாடும் தனியிசை. இடையில் எந்தப் பெடலையும் மிதிக்க வேண்டியதில்லை.

சிறு பெட்டியின் வேலை

கேலஹர் குறிப்பிட்ட சிறு பெட்டி, டல்லஸ் நிறுவனத்தின் 'ரேஞ்ச்மாஸ்டர்'. அதனுள் இருந்தது ஒரே ஒரு ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர். அது உயர்சுரங்களை ஓங்கச் செய்யும். அடித்தொனியை அவ்வளவாக உள்ளே விடாது.

கனமான ஒலி வேண்டும் என்பவர் அடித்தொனியைக் குறைப்பது முரணாகத் தோன்றலாம். காரணம் இதுதான். தாழ்ந்த அதிர்வெண்கள் பொதுவாகப் பெரிய அலைகளாக வருகின்றன. கூரையில் முதலில் முட்டுபவை அவையே. அவை முட்டியதும் மற்றச் சுரங்களும் அவற்றோடு சேர்ந்து கலங்கிவிடும், ஒலி சேறாகிவிடும். அடித்தொனியை முன்கூட்டியே குறைத்து உயர்சுரங்களைத் தள்ளினால், சிதைவு நடுச்சுரங்களிலும் மேற்சுரங்களிலும் நிகழ்கிறது. அதனால் சொல் தெளிவாகக் கேட்கும் பாடகரைப்போல் கித்தார் பாடுகிறது. பின்னாளில் பீட் கார்னிஷ், கிரெக் ஃப்ரையர் ஆகியோர் மேயின் தேவைக்கேற்ப இத்தகைய பெட்டிகளைச் செய்து கொடுத்தனர்.

குப்பையில் கிடைத்த ஒலிபெருக்கி

குயின் குழுவில் 1971ஆம் ஆண்டு சேர்ந்த பேஸ் கித்தார் கலைஞர் ஜான் டீக்கன், இலண்டன் செல்சி கல்லூரியில் மின்னணுவியல் படித்தவர். 1970களின் தொடக்கத்தில் ஒருநாள், சாலையோரக் கழிவுத் தொட்டி ஒன்றில் கம்பிகள் தொங்கும் ஒரு சிறிய மின்சுற்றுப் பலகையை அவர் கண்டெடுத்தார். அதைப் பழைய சிறு ஸ்பீக்கர் பெட்டி ஒன்றில் பொருத்தி, 9 வோல்ட் மின்கலத்தில் இயக்கினார். ஒலியளவுக் குமிழோ தொனிக் குமிழோ அதில் கிடையாது. அதுவே பின்னர் 'டீக்கி எம்ப்' என்று புகழ்பெற்றது.

மே தம் கித்தாரை அதில் இணைத்தபோது கிடைத்த ஒலி வயலின்போலவும் எக்காளம்போலவும் கிளாரினெட்போலவும் வளைந்து கொடுத்தது. 1974ஆம் ஆண்டு வெளிவந்த 'புரொசெஷன்' இசைத்துண்டிலும், 1975ஆம் ஆண்டின் 'குட் கம்பெனி' பாடலிலும் அதைக் கேட்கலாம். குட் கம்பெனியில் பழங்கால ஜாஸ் வாத்தியக் குழு ஒன்று வாசிப்பதாகவே தோன்றும். அது முழுக்கக் கித்தார்தான். 1970களில் வந்த குயின் இசைத்தட்டுகள் பலவற்றின் உறையில், சிந்தசைசர் பயன்படுத்தவில்லை என்ற குறிப்பு இடம்பெற்றதில் வியப்பில்லை. 1980ஆம் ஆண்டின் 'தி கேம்' தொகுப்பில்தான் அக்குழு முதன்முதலாகச் சிந்தசைசரைச் சேர்த்தது.

இங்கு ஒரு பௌதிக உண்மையையும் அறிந்துகொள்ள வேண்டும். சிதைவுள்ள ஒலிபெருக்கியில் இரண்டு சுரங்களை ஒரே நேரத்தில் செலுத்தினால், அவற்றின் கூட்டலும் கழித்தலும் புதிய அதிர்வெண்களாக முளைக்கும். 220 ஹெர்ட்ஸும் 277 ஹெர்ட்ஸும் சேர்ந்தால் 57, 497 போன்ற அழைக்காத விருந்தாளிகளும் வந்துவிடுவார்கள். இணக்கமற்ற இந்த அதிர்வெண்களால் ஒலி குழம்பும். மே இணைச்சுர வரிகளை ஒவ்வொன்றாகத் தனித்தனியே பதிவு செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். ஒவ்வொரு வரியும் தனியே சிதைவதால் அந்தக் குழப்பம் எழுவதில்லை. அவருடைய 'கித்தார் வாத்தியக் குழு' இவ்வளவு தெளிவாக ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேடையில் ஒருவரே பல வரிகளை வாசிக்க முடியாது. அதற்கும் அவர் வழி கண்டார். வாசித்ததைச் சிறிது தாமதித்துத் திருப்பி ஒலிக்கும் நாடாக் கருவிகளைப் பயன்படுத்தி, ஓர் ஏசி30இல் நேரடி ஒலியையும், வேறு இரண்டில் தாமதித்து வரும் ஒலிகளையும் அனுப்பினார். இதனால் தம்முடைய எதிரொலியோடு தாமே சேர்ந்து வாசிக்க முடிந்தது. 1974ஆம் ஆண்டின் 'பிரைட்டன் ராக்' பாடலில் வரும் தனியிசை இந்த உத்தியின் சிறந்த சான்று.

ஒரே பெட்டி, மூன்று குரல்கள்

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். அடையாளம் பெட்டியில் இருக்கிறது என்றால், அதே வகைப் பெட்டியை வைத்திருந்த அனைவரும் ஒன்றுபோல் ஒலித்திருக்க வேண்டும். ஆனால், நடந்தது என்ன?

ரோரி கேலஹர் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கித்தாரையும் ரேஞ்ச்மாஸ்டரையும் ஏசி30ஐயும் இணைத்தார். கிடைத்தது கூரான, படபடக்கும் புளூஸ் குரல். பர்மிங்காமைச் சேர்ந்த 'பிளேக் சபாத்' குழுவின் டோனி அயோமி, மாற்றியமைத்த ரேஞ்ச்மாஸ்டரை லேனி ஒலிபெருக்கியோடு இணைத்தார். இளமையில் தொழிற்சாலை விபத்தில் வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்த அவர் இடக்கை வாசிப்பாளர்; கம்பியை அழுத்த வேண்டிய விரல்களே அவை. தாமே செய்த உறைகளை அவ்விரல்களில் மாட்டி, மெல்லிய கம்பிகளைக் கட்டி வாசித்தார். 1970ஆம் ஆண்டு வெளிவந்த முதல் தொகுப்பிலேயே, பின்னாளில் 'ஹெவி மெட்டல்' என்று பெயர்பெற்ற இருண்ட கனமான ஒலி பிறந்துவிட்டது. பிரையன் மேயிடமோ அதே வகைப் பெட்டி வாத்தியக் குழுபோல் பாடியது.

சிறு பெட்டி மூவருக்கும் பொதுவானதே. கித்தாரும் விரலும் வேறுபட்டன; அயோமியிடம் ஒலிபெருக்கியும் வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, மூவரும் மனத்துக்குள் கேட்டுக்கொண்டிருந்த ஒலி வேறு. எனவே, தனிக்குரல் என்பது ஒரு கருவியின் பெயரன்று. அது ஒரு சங்கிலி. அச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் எதைக் கூட்டுகிறது, எதைக் குறைக்கிறது என்று அறிந்து, தம் செவி கேட்டதற்கேற்ப இணைப்பவருக்கே அக்குரல் வசப்படுகிறது. கேலஹர் தம் இரகசியத்தைத் தயங்காமல் சொன்னபோதும் அவர் குரலை மே பறித்துக்கொள்ளவில்லை. இரகசியம் கைக்கு வந்தபின்னும் மே மேயாகவே ஒலித்தார்.

நாமும் செய்து பார்க்கலாம்

விலையுயர்ந்த கருவி இல்லாமலே கீழ்க்கண்டவற்றை முயன்று பார்க்கலாம்.

1. ஒலிபெருக்கியில் சிறிதளவு சிதைவு வரும்படி வைத்துவிட்டு, கித்தாரின் ஒலியளவுக் குமிழை 10இலிருந்து 3 வரை மெல்லக் குறைத்துக்கொண்டே ஒரே சுரத்தை வாசியுங்கள். குறைவது ஒலியளவு மட்டும்தானா, நிறமும் மாறுகிறதா என்று கவனியுங்கள்.

2. அடித்தொனிக் குமிழைப் பாதியாகக் குறைத்து அதே பகுதியை மீண்டும் வாசியுங்கள். தனியே கேட்கும்போது மெலிந்த ஒலி, குழுவோடு சேரும்போது தெளிவாக நிற்பதை உணர்வீர்கள். பேஸ் கித்தாருக்கும் டிரம்ஸுக்கும் உரிய இடத்தை நாம் விட்டுக்கொடுத்ததன் பயன் அது.

3. நெகிழிப் பட்டைக்குப் பதில் ஒரு 20 சென் நாணயத்தால் வாசித்துப் பாருங்கள். பிறகு வெறும் விரலால் வாசியுங்கள். மூன்றையும் கைப்பேசியில் பதிவு செய்து ஒப்பிடுங்கள்.

4. இரு சுரங்களைச் சிதைவோடு சேர்த்து வாசித்துப் பதிவு செய்யுங்கள். பிறகு அதே சுரங்களைத் தனித்தனியே பதிவு செய்து சேர்த்துக் கேளுங்கள். குட் கம்பெனியின் இரகசியம் உங்கள் அறையிலேயே புலப்படும்.

இந்த நான்கையும் செய்து முடித்தபின்னும் ஒரு பெடல் தேவை என்று தோன்றினால் தாராளமாக வாங்கலாம். அப்போது, எதற்காக வாங்குகிறோம் என்பது நமக்குத் தெரிந்திருக்கும்.

முடிவுரை

வால்வுகளை இன்று பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளில் உள்ள சில தொழிற்சாலைகளே தயாரிக்கின்றன. ஏசி30இன் ஒலியைக் கணினி நிரலாகவும், டீக்கி எம்பின் நகலைப் பெட்டியாகவும் வாங்கலாம். ரெட் ஸ்பெஷலின் நகல்களும் கடைகளில் கிடைக்கின்றன. ஆகவே, மேயின் சங்கிலியை முழுவதும் விலை கொடுத்து வாங்க இன்று வழியுண்டு. அதைத் தேடிக் கண்ட செவியை விற்கும் கடைதான் இல்லை.

பிரையன் மே இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் பௌதிகம் படித்தவர். குயின் குழு வளர்ந்ததால், விண்வெளித் தூசு பற்றிய முனைவர் பட்ட ஆய்வை 1970களில் பாதியில் நிறுத்தினார். முப்பதாண்டுகளுக்கு மேலான இடைவெளிக்குப் பின் 2007ஆம் ஆண்டு அதே கல்லூரியில் அதே ஆய்வை முடித்தார். பதினாறு வயதில் செய்த கித்தாரையும், இளமையில் தேர்ந்த ஒலிபெருக்கியையும் அவர் இன்றளவும் கைவிடாததை இதனோடு சேர்த்துப் பார்த்தால் அவர் இயல்பு விளங்கும். புதியதை நோக்கி ஓடுவதைவிட, கையில் இருப்பதை ஆழமாக அறிவதில் அவருக்கு நம்பிக்கை அதிகம்.

தமிழ்ப்பள்ளித் தமிழ், இடைநிலைப் பள்ளி மலாய், விரிவுரை மண்டபத்து ஆங்கிலம் என்று மூன்று மொழிகளினூடே வளர்ந்த நமக்கும் இது பொருந்தும். இம்மூன்றும் சேர்ந்ததே நம் சங்கிலி. அதன் கண்ணிகளை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. அறிந்துகொள்ளவும் இணைக்கவும் நம்மால் முடியும். கித்தார் ஆனாலும் எழுத்து ஆனாலும், நண்பர்களே, பிறர் குரலை நன்றாகக் கேட்போம், தயங்காமல் கேள்வி கேட்போம், பிறகு நம் செவியை நம்பி வாசிப்போம்.